மூன்றாமிடம் யாருக்கு? தேர்தல் பந்தய விலை பற்றி ஒரு விவாதம்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

அண்ணா, வெளிநாட்டுக் கணிப்புச் சந்தை ஒன்றில் நம்ம தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு இப்பவே விலை போட்டிருக்காங்க. படம் அனுப்பியிருக்கேன். நான் சொல்ற கட்சிக்கு இரண்டாமிடம், 30 சென்ட். கருத்துக்கணிப்பு பொய் சொல்லும், பணம் பொய் சொல்லாது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

12 அக்டோபர் 2025, ஞாயிறு இரவு

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எல்லோரும் கட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள், விலையை மறந்துவிடுவார்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் அந்த 30 சென்ட் கணக்கு. சொன்னது நடந்தால் ஒரு பங்குக்கு ஒரு டாலர் கிடைக்கும். நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பங்கு 30 சென்ட்டுக்குக் கைமாறுகிறது என்றால், வாங்கியவரும் விற்றவரும் நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் நடக்காமல் போக எழுபது. இதைச் சாட்சி என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. படத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. "இரண்டாமிடம்" என்று மேலே இருக்கிறது. எதில் இரண்டாமிடம்? தொகுதியிலா, ஓட்டிலா? நம் மாநிலத்தில் இந்த இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதிக் கணக்கில் அதிமுக 150, தேமுதிக 29, திமுக 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஓட்டுக் கணக்கில் அதிமுகவுக்கு அடுத்தது திமுக, 22 சதவீதத்துக்கு மேல். பிறகு காங்கிரஸ். 8 சதவீதம்கூட எட்டாத தேமுதிக நான்காவது. அன்றைக்கு "திமுக இரண்டாமிடம்" என்று பந்தயம் கட்டியவர் ஜெயித்தாரா, தோற்றாரா? கேள்வியை எழுதியவரைத்தான் கேட்கவேண்டும்.

2021-இல் இன்னும் மோசம். திமுக 133, அதிமுக 66, காங்கிரஸ் 18. தொகுதியில் மூன்றாமிடம் காங்கிரஸ். ஓட்டில் மூன்றாமிடம் நாம் தமிழர், 6.58 சதவீதம். அவர்களுக்குக் கிடைத்த தொகுதி ஒன்றுகூட இல்லை.

13 அக்டோபர், காலை

நேற்று திமுக 133 என்று எழுதியதில் ஒரு திருத்தம். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் 133 சரிதான். ஆனால் அதில் 8 பேர் மதிமுக, மனிதநேய மக்கள் கட்சி மாதிரியான கூட்டணிக் கட்சிக்காரர்கள், உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள். திமுகவின் சொந்தக் கணக்கு 125. முதலிடத்துக்கு இதனால் மாற்றமில்லை. ஆனால் "மதிமுகவுக்கு எத்தனை தொகுதி" என்று யாராவது கேட்டால் 4 என்றும் சொல்லலாம், சுழி என்றும் சொல்லலாம்.

15 அக்டோபர், இரவு 11

"அண்ணா, வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா" என்று கேட்டீர்கள். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 2021 ஏப்ரலில், ஓட்டுப் போட்ட மறுநாள், பக்கத்து மண்டி நண்பர் ஒருவரோடு பந்தயம் கட்டினேன். மூன்றாமிடம் நாம் தமிழர் என்றேன். காங்கிரஸ் என்றார் அவர். ஆளுக்கு ஐயாயிரம். இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரிடம், மூட்டை தைக்கிற சணல் கயிற்றால் கட்டிப் பத்தாயிரத்தைக் கொடுத்தோம். ஒரு துண்டுச் சீட்டில் "மூன்றாவது யார்" என்று மட்டும் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

மே 2-ஆம் தேதி சாயங்காலம் இரண்டு பேரும் பணத்தை வாங்கப் போனோம். இரண்டு பேரும் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். அவர் தொகுதியைக் காட்டினார், நான் சதவீதத்தைக் காட்டினேன். ஒரு மணி நேரம் கத்தினோம். நடுவில் இருந்தவர் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணம் போகவில்லை. ஆனால் பதினொரு வருடம் தினமும் ஒரே கடையில் டீ குடித்தவர் அன்றிலிருந்து கடையை மாற்றிக்கொண்டார். அந்தச் சீட்டில் "தொகுதியில்" என்ற ஒரு வார்த்தை கூட இருந்திருந்தால் போதும். எனக்கு இது வார்த்தைச் சண்டையாகத் தெரியவில்லை.

16 அக்டோபர்

அதே மே 2 அன்று காட்பாடியில் நடந்ததும் நினைவில் இருக்கட்டும். துரைமுருகன் நிற்கிற தொகுதி, பந்தயமே தேவையில்லை என்றுதான் மார்க்கெட்டில் பேச்சு. சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறிமாறிக் கடைசியில் 746 ஓட்டில் ஜெயித்தார். விலை 95 என்றால் இருபதில் ஒரு தடவை கவிழும் என்று அர்த்தம். நாம் 95-ஐப் பார்த்ததும் 100 என்று படித்துவிடுகிறோம்.

19 அக்டோபர், ஞாயிறு

தம்பி முழுப் படத்தையும் அனுப்பிவிட்டார், நன்றி. கேள்வி தொகுதி எண்ணிக்கையைப் பற்றியதுதான். அந்த மட்டும் தெளிவு.

ஆனால் முதல் குறிப்பில் நான் எழுதியது தப்பு. 30 சென்ட்டுக்கு இருவர் ஒத்துக்கொண்டதாகச் சொன்னேன். முழுப் படத்தில் பார்த்தால், வாங்க வருபவர் கேட்கிற அதிகபட்ச விலை 26. விற்க வருபவர் சொல்கிற குறைந்தபட்ச விலை 34. நடுவில் 30 என்று தளமே போட்டிருக்கிறது. 30-க்கு ஒருவரும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை!

எங்கள் மண்டியில் ஒருவர் முள்ளுக் கத்திரிக்காயைக் கிலோ 40 என்கிறார், வந்தவர் 30-க்குக் கேட்கிறார், பேரம் படியாமல் போய்விடுகிறார். நான் பேரேட்டில் "இன்றைய விலை 35" என்று எழுதினால் முதலாளி என்னை என்ன சொல்வார்? சரக்கு தராசில் ஏறவே இல்லையே.

பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். என் தாய்மாமா அங்கே தரகர். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் காதில் ஏதேதோ விலை விழும், அதெல்லாம் வெளிப்பேச்சு. துண்டை எடுத்து உதறி, முன்பணம் கைமாறினால்தான் விலை. "கயிறு கைமாறிச்சா, அதைக் கேளு" என்பார் மாமா. அந்தத் தேர்தல் பக்கத்தில் கயிறு கைமாறியது மிகக் குறைவு. மொத்த வியாபாரமே சில ஆயிரம் டாலர்.

சின்னச் சந்தையில் தனி ஆள் ஒருவரே விலையைத் தூக்கி நிறுத்தலாம். பெரிய சந்தையிலேயே நடந்திருக்கிறது. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில், அயர்லாந்தின் இன்ட்ரேட் தளத்தில், ராம்னி பக்கம் ஒரே ஒருவர் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் போனது என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அவர் நம்பி வாங்கினாரா, ராம்னிக்குச் செல்வாக்கு இருப்பதாகக் காட்ட வாங்கினாரா என்பது இன்றைக்கும் விவாதம்தான். பணம் பொய் சொல்லாது என்றீர்களே தம்பி, அது யாருடைய பணம், எதற்காகப் போட்ட பணம் என்றும் பார்க்கவேண்டும்.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்து மண்டி இன்று மந்தம். உட்கார்ந்து அந்தப் படத்தின் கடைசி வரிகளைப் பார்த்தேன். ஜெயிக்கவே முடியாத கட்சிகளுக்கும் 3 சென்ட், 4 சென்ட் இருக்கிறது. ஒரு வாசகர் "பார்த்தீங்களா, எங்களுக்கும் நாலு சதவீதம் வாய்ப்பு" என்று மகிழ்ந்திருந்தார்.

அவரிடம் வருத்தத்தோடு ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். அந்தக் கட்சி வராது என்று எனக்கு நிச்சயம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வராது" பங்கை 96 சென்ட்டுக்கு வாங்கினால் மே மாதம் 100 கிடைக்கும். ஏழெட்டு மாதம் பணத்தை முடக்கி வைத்தால் 4 சென்ட். வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டாலே ஏறக்குறைய அது வந்துவிடும், தலைவலியும் இல்லை. அதனால் அந்த 4-ஐச் சுழிக்கு இறக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அப்படியே கிடக்கிறது. தேர்தல் தூரத்தில் இருக்கும்போது அடிமட்ட விலைகளுக்கு அர்த்தம் கிடையாது.

26 அக்டோபர்

வேலூர்க்காரன் கேட்கவேண்டிய கேள்வியை மறந்துவிட்டேன். தேர்தலே நடக்காவிட்டால்?

வேறு ஊர்க்காரர்களுக்கு இது தோன்றாது. 2019-இல் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, 16-ஆம் தேதி நம் மக்களவைத் தொகுதித் தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள், கட்டுக்கட்டாகப் பிடிபட்ட பணத்தால். பிறகு ஆகஸ்ட் 5 வாக்குப்பதிவு, 9 எண்ணிக்கை. காலையில் ஏ.சி.சண்முகம் முன்னிலை. அப்புறம் திமுகவின் கதிர் ஆனந்த் மேலே வந்து 8,141 ஓட்டில் ஜெயித்தார். ஏப்ரலில் பந்தயம் கட்டியவர்கள் லாங்கு பஜாரில் நான்கு மாதம் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சாரார் ரத்தானால் பந்தயமும் ரத்து என்றார்கள், இன்னொரு சாரார் அதே வேட்பாளர்கள், அதே பந்தயம் என்றார்கள்.

சட்டமன்றத் தேர்தலிலும் நடந்திருக்கிறது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டும் இதே பணப்பட்டுவாடா காரணத்துக்காகத் தள்ளிப்போய், மே மாதம் 232 தொகுதிக்குத்தான் எண்ணினார்கள். மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் ஒரு தொகுதிதான் வித்தியாசம் என்றால், தள்ளிப்போன இரண்டு தொகுதிக்காகக் காத்திருப்பதா, அன்றே தீர்ப்பதா? இந்த வரி இல்லாத கேள்விக்கு நான் விலை சொல்லமாட்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

சரி, பேசிக்கொண்டே இருப்பதை விட்டுச் செய்து பார்ப்போம் என்று ஒன்பது பேர் சேர்ந்தோம். சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடி, ஒரு நீள நோட்டு, பென்சில், ரப்பர். பணம் கிடையாது. தோற்றவர் பிரியாணி வாங்கித் தரலாமா என்றார்கள், அதுவும் கூடாது என்றேன். ஆளுக்கு ஆயிரம் புள்ளி. ஒத்திகைக்குப் பீகார் தேர்தல்.

இடதுபக்கம் கட்சிகள், மேலே முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம், நான்காமிடம், ஐந்தாமிடம். கட்டத்துக்குக் கட்டம் விலை. 2020-இல் லாலு கட்சியான ஆர்ஜேடி 75, பாஜக 74 என்று வந்ததால் எங்கள் நோட்டிலும் முதலிடத்துக்கு ஆர்ஜேடி 48, பாஜக 38, நிதிஷ் குமார் கட்சியான ஜேடியூ 12.

கட்டம் போட்டதில் ஒரு நன்மை தெரிந்தது. "முதலிடம்" என்ற பத்தியைக் கீழ்நோக்கிக் கூட்டினால் 100-ஐ ஒட்டி வரவேண்டும், ஏனென்றால் முதலிடத்தில் ஒரு கட்சிதான் இருக்கமுடியும். இரண்டாமிடத்தைக் கூட்டினால் 131 வந்தது. அவரவர் கட்சிக்கு ஆறுதலாக எல்லோரும் இரண்டாமிடத்தை வாங்கியிருந்தார்கள். அதேபோல் ஒரு கட்சியின் வரியைக் குறுக்கே கூட்டினாலும் 100 வரவேண்டும். இந்த இரண்டு கூட்டலும் செய்யாமல் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் ஏமாறுவது சுலபம்.

3 நவம்பர்

குறுக்கே கூட்டினால் 100 என்றது சரியில்லை. காங்கிரஸ் வரி 64-தான் வந்தது, ஏன் என்று ஒருவர் கேட்டார். ஆறாமிடமோ அதற்குக் கீழேயோ போனால் எங்கள் நோட்டில் கட்டமே இல்லை! "ஆறும் கீழும்" என்று ஒரு பத்தி சேர்த்தேன். கீழ்நோக்கிய கூட்டல் மட்டும் அப்படியே நிற்கிறது.

6 நவம்பர்

இன்று பீகாரில் முதல் கட்டம். 11-ஆம் தேதி சாயங்காலம் வரை நோட்டு மூடியிருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ அந்த நாட்களில் வாக்குக்கணிப்பு (எக்ஸிட் போல்) வெளியிடத் தடை விதிக்கிறது. ஜோதிடர்கள் சொல்கிற முடிவும் அதில் அடங்கும் என்று 2017-இல் ஆணையம் சொல்லிவிட்டது. எங்கள் மாடி நோட்டு யாருக்கும் கணிப்பு ஆகாது என்றாலும், ஓட்டுப் போடுகிற நேரத்தில் விலையைப் பரப்பக்கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

14 நவம்பர், வெள்ளி இரவு

பாஜக 89. ஜேடியூ 85. ஆர்ஜேடி 25. லோக் ஜனசக்தி 19. காங்கிரஸ் 6.

எங்கள் 48 மண்ணைக் கவ்வியது. முதலிடம் என்று நாங்கள் எழுதிய கட்சி மூன்றாமிடம். ஆனால் ஓட்டைப் பாருங்கள்: ஆர்ஜேடி 23 சதவீதம், பாஜக 20, ஜேடியூ 19 சொச்சம். ஓட்டில் ஆர்ஜேடிதான் முதலிடம்! பாஜகவும் ஜேடியூவும் தலா 101 தொகுதியில் நின்றார்கள். ஆர்ஜேடி 140-க்கு மேல் நின்றது. நின்ற தொகுதி கூடினால் ஓட்டும் கூடும்.

ஆர்ஜேடி முதலிடம் வாங்கி வைத்திருந்த ஒருவர் சதவீதத்தைக் காட்ட வாயெடுத்தார். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன்: "தேர்தல் ஆணையத்தின் பட்டியலில், கட்சிவாரியாக, தொகுதி எண்ணிக்கை." ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. 2021-இல் இந்த ஒரு வரி என்னிடம் இல்லை.

ஒன்று தப்பித்தோம். காங்கிரஸ் 6, அதற்குக் கீழே ஒவைசியின் எய்மிம் 5, ஹிந்துஸ்தானி அவாம் மோர்ச்சா 5. காங்கிரஸுக்கு ஒன்று குறைந்திருந்தால் மூவரும் சமம், ஐந்தாமிடம் யாருக்கு என்று எங்கள் விதியில் பதில் இல்லை. சமநிலையில் ஓட்டு அதிகம் பெற்றது மேலே என்று இப்போது எழுதிவிட்டேன். நமக்கும் தேவைப்படும்: 2021-இல் பாஜக 4, விசிக 4.

15 நவம்பர்

காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பாட்னாவை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் 48, 38 என்று எண் போட்டதும் எங்களுக்கே அது உண்மை மாதிரித் தோன்றிவிட்டது. ரப்பரால் அழித்து 47 ஆக்க ஒருவர் அரை மணி நேரம் வாதாடினார். குடியாத்தம் பேருந்தில் ஒரு நாள்கூட ஏறாதவர்கள் நம் தேர்தலுக்குப் போடுகிற விலையும் இப்படித்தான் இருக்கும் தம்பி.

16 நவம்பர்

தனிச்செய்தியில் நான்கைந்து பேர் "எந்தத் தளத்தில் பணம் போடுவது" என்று கேட்டார்கள். போடாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கிற சட்டத்துக்கு இந்த ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கெல்லாம் அதில் இடமில்லை. அந்த வாரம் என் சித்தப்பா மகன் வைத்திருந்த செயலியும் நின்றது. நாலாயிரம் ரூபாயைத் திரும்ப எடுக்க மூன்று வாரம் அலைந்தான். "கருத்து வர்த்தகம்" என்று அதற்குப் பெயர், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சூதாட்டம் என்றுதான் சொன்னார்கள்.

இதில் படிக்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அயோவா பல்கலைக்கழகம் 1988-லிருந்து சின்னத் தொகையில் இப்படி ஒரு சந்தையை ஆராய்ச்சிக்காக நடத்துகிறது. அங்கே ஓட்டுச் சதவீதத்துக்கே தனிச் சந்தை உண்டு: ஒரு கட்சி 40 சதவீதம் வாங்கினால் பங்குக்கு 40 சென்ட். ஜெயிப்பு வேறு, ஓட்டு வேறு என்று கேள்வியிலேயே பிரித்துவிட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

23 நவம்பர், ஞாயிறு

தம்பி, உங்கள் கேள்விக்கு இத்தனை நாள் கழித்து வருகிறேன். நோட்டில் தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டோம். 2021 பந்தயத்தில் நடுவில் இருந்தவரும் பத்தாவது ஆளாகச் சேர்ந்திருக்கிறார்.

விதிகளை மறுபடி எழுதும்போதுதான் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. 2011-இல் தேமுதிக நின்றது 41 தொகுதி, ஜெயித்தது 29. திமுக நின்றது 119, ஜெயித்தது 23. 2021-இல் காங்கிரஸ் நின்றது 25, ஜெயித்தது 18. அதே தேர்தலில் நாம் தமிழர் 234-லும் நின்றது. தொகுதிக் கணக்கில் இரண்டாமிடமும் மூன்றாமிடமும் ஓட்டுப்பதிவு நாளுக்கு முன்பே, கூட்டணிப் பேச்சு மேசையில் பாதி முடிவாகிவிடுகின்றன. யார் யாரோடு, எத்தனை தொகுதி என்பது நமக்கு வழக்கமாக மார்ச்சில்தான் தெரியும்.

இங்கேயே பாருங்கள். 2019-இல் வேலூரில் ஏ.சி.சண்முகம் இரட்டை இலையில் நின்று இரண்டாமிடம், வெறும் எட்டாயிரம் ஓட்டு வித்தியாசம். 2024-இல் அவர் தாமரையில் நின்றார், அதிமுக தனியாக வேறொருவரை நிறுத்தியது. கதிர் ஆனந்த் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சண்முகம் மறுபடி இரண்டாமிடம், அதிமுக மூன்றாமிடம். அதே ஊர், அதே தெருக்கள். கூட்டணி பிரிந்ததும் ஒரு கட்சியின் இடம் ஒரு படி இறங்கியது.

ஆகவே அந்த 30 சென்ட், மக்கள் மனதைப் பற்றிய விலை என்று எனக்குத் தோன்றவில்லை. யார் யாரோடு சேருவார்கள் என்ற ஊகத்துக்குப் போட்ட விலை. அதுவும் கயிறு கைமாறாத விலை.

நோட்டில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் பென்சிலில் எண் போட்டிருக்கிறோம். இரண்டையும் கீழ்நோக்கிக் கூட்டிப் பார்த்தேன், 103, 98. மூன்றாமிடத்துப் பத்தி வெறுமையாக இருக்கிறது. தொகுதிப் பங்கீடு முடியட்டும், அப்புறம் போடுகிறோம்.